வெர்னா பாசெக் கை தட்டுவதில்லை

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஆஷ்பி கவுண்டி நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில் கைதட்டல் தொடங்கிவிடும். கீழே கார் நிறுத்துமிடத்தில் பனி உருக உப்பு தூவிக்கொண்டிருப்பவனுக்குக்கூடக் கேட்கும். ஒருவன் முப்பது நாள் மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருப்பான், அதற்கொரு கைதட்டல். ஒருத்தி வாராவாரம் தவறாமல் டாக்டரைப் பார்த்திருப்பாள், அதற்கொன்று. வக்கீல் தட்டுவார், காவலர் தட்டுவார், கறுப்பு அங்கி போட்டு மேலே உட்கார்ந்திருக்கும் நீதிபதி டன்ஸ்டலே தட்டுவார். அந்த அறையில் தட்டாதவை இரண்டே கைகள். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் வெர்னா பாசெக்கின் கைகள்.

அவளுக்குக் கல்நெஞ்சு என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அது மனநல நீதிமன்றம். நோய் முற்றிய வேகத்தில் யாரையாவது அடித்தவர்கள் ஜெயிலுக்குப் போகாமல் இங்கே வருவார்கள். வைத்தியம் உண்டு, வாராவாரம் நீதிபதி முன்னால் ஆஜராக வேண்டும், ஏறுவதற்கு நாலு படிகள் உண்டு. நாலாவது படியும் ஏறிவிட்டால் பட்டமளிப்பு, சான்றிதழ், கேக், கடைசியில் வழக்கே தள்ளுபடி. நல்ல ஏற்பாடுதான். நோயாளியைக் கம்பிக்குப் பின்னால் போட்டு அழுகவிடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று வெர்னாவே சொல்வாள். அவளுடைய கேள்வி வேறு. அடித்தவனுக்கு டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், கூடவே நடக்க ஒரு ஆள் இருக்கிறார், கேக் இருக்கிறது. அடி வாங்கியவருக்கு யார்? வெர்னா. பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் நீதிமன்ற ஊழியர் மொத்தக் கவுண்டிக்கும் அவள் ஒருத்திதான்.

இதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அவசர உதவி எண்ணில் ஃபோன் எடுத்தவள். எல்லாக் கதையிலும் முதல் நாலு நிமிஷம்தான் அவளுக்குக் கிடைக்கும். அலறல், அழுகை, "சீக்கிரம் வாங்க", பிறகு சைரன் சத்தம், லைன் கட். அந்தப் பெண் பிழைத்தாளா, அந்தக் கிழவர் கதவைத் திறந்தாரா என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நாற்பத்தொன்பதாவது வயதில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனு போட்டாள். "ஒரு கதைக்காவது முடிவு தெரியணும் எனக்கு" என்று கணவன் ரேயிடம் சொன்னாள்.

"முடிவு தெரிஞ்சா உனக்கு இன்னும்தான் கோபம் வரும்" என்றான் ரே, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவன் சொன்னது அப்படியே பலித்தது.

வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்தது நிலவறையில் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு அறை. ஜனவரியிலும் அங்கே வேர்க்கும். உடைந்த மூக்கோடும் தையல் போட்ட உதட்டோடும் வருகிறவர்கள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அதில் பாதிப்பேர் அடித்தவனைப் பெற்றவர்கள், கட்டியவர்கள், கூடப் பிறந்தவர்கள். "அவனை ஜெயில்ல போட்றாதீங்கம்மா" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

ஒவ்வொரு வியாழனும் நண்பகலில் மேலே 'குழு' கூடும். நீதிபதி, வக்கீல்கள், டாக்டர், ஒருங்கிணைப்பாளர் பிரென்னா எல்லாரும் சாண்ட்விச் கடித்துக்கொண்டு யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று பேசுவார்கள். அந்த மேசையில் வெர்னாவுக்கு நாற்காலி கிடையாது. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டுமாம். அதனால் பட்டமளிப்பு எந்த நாள் என்பது அவளுக்கே கேக் வந்த பிறகுதான் தெரியும். வாசல் காவலர் ஆர்லோதான் அவளுடைய தகவல் இலாகா. "என்ன தாயி, இன்னைக்கு சாக்லேட் கேக்கு. யாரை முழுங்கப் போறீங்க, கேக்கையா, ஜட்ஜையா?" என்பான்.

பட்டமளிப்பு நாளில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். வழக்கு தள்ளுபடியானால், 'இந்த ஆள் இன்னாரை நெருங்கக்கூடாது, எழுதக்கூடாது, பேசக்கூடாது' என்ற தடை உத்தரவும் அதே நொடியில் செத்துவிடும். ஒரு பெண் தன்னைக் காத்த உத்தரவு செத்துப்போனதை நாலு நாள் கழித்து மளிகைக் கடையில் அவன் எதிரே வந்து நிற்கும்போது தெரிந்துகொண்டாள். அந்தப் பெண் வெர்னாவின் அறைக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்லை, விடுங்க" என்றுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் வெர்னா மாடிக்கும் நிலவறைக்கும் நடையாய் நடந்தாள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தேதியை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவியுங்கள், அது போதும் என்று கெஞ்சினாள், சண்டை போட்டாள். கடைசியில் பிரென்னா சிரித்த முகத்தோடு ஒப்புக்கொண்டாள். "முகவரி குடுங்க வெர்னா. நானே தபால்ல போட்டுடறேன்."

வெர்னா கொடுத்தாள். எழுத்தரிடம் சீல் வைத்துப் பூட்டியிருந்த படிவங்களிலிருந்து பதினோரு முகவரிகளைத் தன் கையாலேயே எடுத்து எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரேயிடம் ஜெயித்துவிட்டேன் என்றாள்.

பதினோரு முகவரிகளில் ஒன்று நடீன் ஓக்லியுடையது.

நடீனுக்கு நாற்பத்து நாலு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் ரொட்டி சுடுகிறவள். தம்பி ரஸலைப் பதினோரு வருஷம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள், டாக்டரிடம் கூட்டிப் போனாள், அவன் தலைக்குள் கேட்ட குரல்களோடு அவன் சண்டை போட்ட நாட்களில் சமையலறைத் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவன் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். அக்காவைக் கொன்றுவிட்டு வேறு யாரோ அவள் முகத்தோடு வீட்டுக்குள் வந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவளைப் பனி மண்வெட்டியால் அடித்தான். தாடையை ஆறு வாரம் கம்பி போட்டுக் கட்டினார்கள். இடது காது போனது போனதுதான்.

தாடைக் கம்பியோடு வெர்னாவின் அறையில் உட்கார்ந்து அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அவன் குணமாகட்டும். எனக்குச் சந்தோஷம். ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியக்கூடாது. நல்லா இருக்கும்போதும் தெரியக்கூடாது, ஏனென்றால் நல்லா இல்லாத நாளில் அது ஞாபகம் வரும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. தடை உத்தரவு போட்டார்கள். நாற்பது நிமிஷ தூரத்தில் ஒரு சின்ன ஊரில், ஒரு தச்சுப் பட்டறைக்கு மேலே வீடு பிடித்துப் போனாள்.

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வெர்னாவின் ஃபோன் அடித்தது.

"வெர்னா, ஒரு லெட்டர் வந்திருக்கு" என்றாள் நடீன். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் குரல்களோடு வாழ்ந்தவளுக்கு அந்த நிதானம் எது என்று தெரியும்.

"பழைய வீட்டுக்கா? அங்கேர்ந்து திருப்பி அனுப்பினாங்களா?"

"இல்ல. இந்த வீட்டுக்கு. மாடிக் கதவு நம்பர்கூட இருக்கு. உறைமேல ரஸல் கையெழுத்து."

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உள்ள மன்னிப்பு கேட்டு எழுதிருக்கான். நல்லாத்தான் எழுதிருக்கான் பாவம். வெர்னா, அவனுக்கு எப்படி இந்த அட்ரஸ் தெரிஞ்சுது? உங்களைத் தவிர நான் யார்கிட்டயும் குடுக்கலையே."

"கண்டுபிடிச்சு சொல்றேன்" என்றாள் வெர்னா. பொய். ஃபோனை வைப்பதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு மாடியையும் அவள் லிஃப்டுக்குக் காத்திராமல் ஏறினாள். பிரென்னாவின் அறையில் செடிகள், மெத்தை வைத்த நாற்காலிகள், 'இன்று நீ எப்படி இருக்கிறாய்' என்று கேட்கும் ஒரு படம். பிரென்னாவுக்கு முப்பத்தோரு வயது. யாருக்கும் தீங்கு நினைக்காதவள். அதுதான் வெர்னாவுக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவளாக இருந்தால் திட்டவாவது சுலபமாக இருக்கும்.

"ரஸல் ஓக்லிக்கு அவங்க அக்கா முகவரியை யார் குடுத்தது?"

"ஓ, லெட்டர் போயிடுச்சா?" பிரென்னாவின் முகம் மலர்ந்தது. "அது நாலாவது படியோட வேலை வெர்னா. பொறுப்பேத்துக்கிற கடிதம். ரொம்ப அழகா எழுதிருந்தான். நான் அழுதுட்டேன்."

"உறையை அவன்கிட்ட ஏன் குடுத்தே?"

"அவன் கையாலயே பேர், அட்ரஸ் எழுதினாத்தானே அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்? நான் டைப் அடிச்சு ஒட்டினா ஏதோ பில்லு மாதிரி இருக்கும்."

"அவன் எழுதக்கூடாதுன்னு உத்தரவு இருக்கும்மா! உங்க ஜட்ஜே கையெழுத்து போட்ட உத்தரவு!"

"அவன் அனுப்பலையே, கோர்ட்தானே அனுப்பிச்சுது. தபால்ல போட்டது நான். டெக்னிக்கலா அது அவன் தொடர்பு கொண்டதாகாது."

"டெக்னிக்கலாவா? அவளுக்கு ஒரு காது போச்சு பிரென்னா, அது டெக்னிக்கலாப் போகலை. நோயாளியோட ரகசியம்னு என்னை அந்த ரூமுக்குள்ளயே விடமாட்டீங்க. அடி வாங்கினவளோட அட்ரஸை அதே ரூம்ல சாண்ட்விச்சோட சுத்தி விடறீங்க!"

பிரென்னாவின் கண்கள் நிறைந்தன. "நீங்கதானே வெர்னா லிஸ்ட் குடுத்தீங்க" என்றாள், குத்திக்காட்டுவதற்காக அல்ல, உண்மையாகவே புரியாமல்.

கொடுத்தவள் அவள்தான். எதற்குக் கொடுத்தோம் என்று அந்தத் தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்தத் தாளை நேராகக் குழுவின் பொது ஃபைலில் செருகிவிடுவார்கள் என்று பன்னிரண்டு வருஷம் இங்கே குப்பை கொட்டியவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஜெயித்த மப்பு.

இறங்கி வரும்போது ஆர்லோ சொன்னான். "வியாழக்கிழமைக்கு வெனிலா. ரஸல் ஓக்லின்னு மேல எழுதச் சொல்லிருக்காங்க."

இன்னும் மூன்று நாள். தேதியைச் சொல்லும் கடிதம் மட்டும் நடீனுக்கு வரவே இல்லை. நடீனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், லிஸ்ட் உட்பட.

"வீடு மாறணும்னா எனக்கு ஒரு மாசமாவது வேணும்" என்றாள் நடீன். "அதுவரைக்கும் அந்த உத்தரவு சாகக்கூடாது. அது ஒண்ணைப் பண்ணுங்க."

"நீயும் வந்து சொன்னா ஜட்ஜ் கேப்பாருமா."

"வந்தா நானும் கை தட்டணுமா?"

வெர்னா அரசு வக்கீலைப் பார்த்தாள். குழுவின் முடிவில் தலையிட மாட்டேன் என்றார். நீதிபதியின் உதவியாளரிடம் கடிதம் கொடுத்தாள். குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. குழுவிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

வியாழக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. சுவரோரம் கேக் காத்திருந்தது. ரஸல் இரவல் கோட்டில் நின்றான். முப்பத்தொன்பது வயதில் தலை பாதி நரைத்து, தோள் குறுகி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நீதிபதி டன்ஸ்டல் பட்டமளிப்பு நாட்களில் மேடையை விட்டு இறங்கி வந்து கை குலுக்குவார். நல்ல மனிதர். எழுந்திருக்கும்போதே கண் கலங்கியிருந்தார்.

"யுவர் ஆனர், நான் பேசணும்" என்று கடைசி பெஞ்சிலிருந்து வெர்னா எழுந்தாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. பன்னிரண்டு வருஷத்தில் அந்த பெஞ்சிலிருந்து யாரும் பேசியதில்லை.

"முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்களேன் வெர்னா" என்றார் நீதிபதி அன்பாக.

"முடிஞ்சதும் கேஸே இருக்காதே ஐயா. உத்தரவும் இருக்காது. அப்புறம் உங்க ரூமுக்கு வந்து நான் கேக்கா சாப்பிடறது? நடீன் ஓக்லி சார்பா இப்பவே பேசணும். அதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு."

நீதிபதி அங்கேயே நின்றார். வெர்னா சொன்னாள். காது, தாடை, நாற்பது நிமிஷ தூரம், லிஸ்ட், உறை. வீட்டு முகவரியை மட்டும் சொல்லவில்லை, இந்த அறையில் அதைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்றாள். லிஸ்ட் கொடுத்தது நான்தான், அதையும் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றாள்.

"பிரென்னா, இது உண்மையா?" என்றார் நீதிபதி. பிரென்னா ஆமென்று தலையை ஆட்டினாள். அவர் ரஸல் பக்கம் திரும்பினார். அவனுடைய வக்கீல் தோளைத் தொட்டுத் தடுப்பதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் சார்."

"என்ன வேணாம்னு?"

"அட்ரஸை எங்கிட்ட காட்டாதீங்கன்னு. எனக்கு மறுபடி முடியாமப் போற நாள் வரலாம். அன்னைக்கு அது என் தலைக்குள்ள இருக்கக்கூடாதுன்னு சொன்னேன்." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "அது பயம், பயத்தைத் தாண்டணும்னு சொன்னாங்க. எழுதலைன்னா படி முடியாதுன்னாங்க. கண்ணை மூடிக்கிட்டு எழுத முடியுமா? எழுதிட்டேன். அந்த வாரம் எனக்குக் கை தட்டினீங்க. இப்ப மறக்கப் பாக்கறேன் சார். மறக்க மாட்டேங்குது."

அவன் இந்த நீதிமன்றத்துக்கு வந்த பதினெட்டு மாதத்தில் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் உறைக்காதது, நோயாளி என்று முத்திரை குத்திய இவனுக்கு உறைத்திருக்கிறது. அவனை வாயை மூடவைத்து எழுதவைத்திருக்கிறார்கள். வெர்னாவுக்கு அவன்மேல் இத்தனை நாளாக இருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரஸல், இதைச் சொல்ல ரொம்ப நேர்மை வேணும். நன்றி."

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பழக்கதோஷம். பக்கத்திலிருந்தவர் சேர்ந்துகொண்டார். அப்புறம் அறை முழுக்கத் தட்டியது.

"நிறுத்துங்க!" வெர்னா போட்ட சத்தத்தில் ஆர்லோ நிமிர்ந்து நின்றான். "எதுக்குத் தட்டறீங்க? உங்களுக்கு வெக்கமா இல்லையா? அவ அங்க கதவுக்கு அலமாரியை முட்டுக் குடுத்து வச்சிருக்கா!"

கைதட்டல் துண்டு துண்டாக அடங்கியது. நீதிபதி தட்டவில்லை, அதை வெர்னா கவனித்தாள். அவர் மேடை ஏறி உட்கார்ந்து, தள்ளுபடியை அறுபது நாளுக்கு ஒத்திவைப்பதாகவும், தடை உத்தரவு அதுவரை அப்படியே நிற்கும் என்றும், முகவரி லிஸ்டைக் குழுவின் ஃபைலிலிருந்து உடனே எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். ஒரு மாசம் கேட்ட இடத்தில் இரண்டு மாசம் கிடைத்தது. பட்டம் வாங்க வந்த ரஸல் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினான். உண்மை பேசியதற்குத் தண்டனையும் அவனுக்குத்தான். கேக்கை ஆர்லோ மூடி எடுத்துக்கொண்டு போனான்.

நடையில் ரஸல் வெர்னாவைக் கடந்து போனவன் நின்றான். "அவகிட்ட நான்..." என்று ஆரம்பித்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டான். "இல்ல. ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லக்கூடாது." கோர்ட்டைவிடக் கோர்ட் உத்தரவை ஒழுங்காகக் காப்பாற்றியவன் அவன் ஒருவன்தான்.

இந்தச் சேதியை ஃபோனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பழைய பியூக் காரை எடுத்துக்கொண்டு, ஒதுக்கிய பனி இரண்டு பக்கமும் அழுக்காய்க் குவிந்த சாலையில் நேரே போனாள். தச்சுப் பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மாடிக் கதவைத் தட்டிப் பெயரைச் சொன்னதும் உள்ளே எதையோ இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

பாதி வீடு பெட்டிக்குள் போயிருந்தது. நடீன் நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ரஸல் பேசியதை வெர்னா சொன்னபோது அவள் ஒரு தட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"அறுபது நாள் வேண்டாம். சனிக்கிழமையே போறேன்" என்றாள்.

"சரி. நான் வந்து பெட்டி தூக்கறேன். ரேயும் வருவான், வண்டி இருக்கு."

"வேணாம் வெர்னா."

"நடீன், என்மேல கோபமா இரு, திட்டு, எனக்கு வேணும்தான். ஆனா ஒத்தை ஆளா எப்படி..."

"கோபம் இல்ல." நடீன் நிமிர்ந்தாள். "கோபம் நிறைய இருக்கு. ஆனா அதுக்காகச் சொல்லலை. எங்க போறேன்னு இந்தத் தடவை உங்ககிட்டயும் சொல்லப் போறதில்லை."

கீழே ரம்பம் நின்றிருந்தது. அறுபத்தோரு வயதில், ஒரு கதைக்காவது முடிவு தெரிய வேண்டும் என்று இந்த வேலைக்கு வந்த வெர்னா கோட்டுப் பையிலிருந்து கையுறையை எடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. ஊர் பெயரையாவது சொல் என்று கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"சொல்லாதே" என்றாள். "நானே வந்து கேட்டாலும் சொல்லாதே."

படியில் இறங்கும்போது மேலே அலமாரியை மறுபடி இழுக்கும் சத்தம் கேட்டது. அது கதவில் முட்டி நிற்கும் வரை வெர்னா அங்கேயே நின்றாள்.